பெரிய வெள்ளிக்கு ஒரு தனிக் கிண்ணம்

கத்தியில்தான் சண்டை தொடங்கியது.

"அந்தக் கத்திய எடுக்காதீங்க அக்கா. அது பாகூமுக்கு வெட்டறதுக்குன்னு தனியா வெச்சிருக்கேன்," என்றாள் ரிஃப்கா.

பஹிய்யா ஒரு கையில் வெங்காயத்தாள் கட்டும் மறு கையில் கத்தியுமாக அப்படியே நின்றாள். காலையிலிருந்து தேவாலயத்தில் நின்று, விழுந்து வணங்கி, எழுந்து, மறுபடி விழுந்து, இப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்கள். இரண்டு பெண்களின் கறுப்பு உடையிலும் சாம்பிராணி வாடை போகவில்லை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட யாரும் குடிக்கவில்லை. பசியில் இருக்கும் இரண்டு பேரை ஒரே அடுக்களையில் விட்டால் நடப்பது நடந்தது.

"கத்திக்கும் பாகம் பிரிச்சாச்சா?" என்றாள் பஹிய்யா. "பலகை தனி, கிண்ணம் தனி, இப்பக் கத்தியும் தனி. நாளைக்கு அடுப்புக்கு நடுவுல சுவர் எழுப்புவியா?"

"தேவைப்பட்டா எழுப்புவேன்."

"உங்க அப்பன் வீட்டுல எழுப்பு. இது எங்க அப்பா கட்டின வீடு."

ரிஃப்கா கத்தியை நாத்தனாரின் கையிலிருந்து வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துத் தன் பலகைமேல் வைத்தாள். சுப்ரா தபால் நிலையத்தில் நாள் முழுக்க முத்திரை குத்தும் கை அது. கோபம் வந்தால் எதை வைத்தாலும் ஓசை கேட்கும்.

மேடையில் இரண்டு வகைப் பயறுகள் இருந்தன. பஹிய்யாவின் பக்கம் பெரிய பீங்கான் கிண்ணம் நிறைய முளைகட்டிய ஃபூல், எகிப்தில் அன்றாடம் தின்னும் பெரிய அவரைப் பயறு. பெரிய வெள்ளியன்று காப்டிக் கிறிஸ்தவர் வீடுகளில் நோன்பு முடிப்பது அதில்தான். சிலுவையில் தொங்கியவருக்குக் காடி கொடுத்தார்கள் என்பதால், அன்று மாலை முதலில் நாக்கில் படுவது காடி. பிறகு காடியில் ஊறிய ஃபூல். பஹிய்யா திங்கட்கிழமையே ஊறப்போட்டு, ஈரத்துணியில் கட்டி, காலையும் மாலையும் நீர் தெளித்து முளைக்க வைத்திருந்தாள். வெந்ததும் ஒவ்வொன்றாகத் தோலுரித்து வைத்தாள். உரித்த ஃபூல் மோர் நிறத்தில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. சிலவற்றில் வாலாக வளைந்த முளை ஒட்டிக்கொண்டிருந்தது.

ரிஃப்காவின் பக்கம் சின்ன அலுமினியப் பாத்திரத்தில் வெள்ளை பீன்ஸ். அதற்கு முளையில்லை, சடங்கில்லை. கடையில் வாங்கி, முந்தின இரவு ஊறவைத்து, காலையில் தேவாலயம் போகும் முன்னே வேகவைத்தாள். பாதியைக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்துவிட்டு மீதியை இப்போது வெளியே வைத்திருந்தாள். இதைக் கொண்டு மகன் பாகூமுக்கு ஒரு சாலட் செய்ய வேண்டும். பார்ப்பதற்கு மற்றவர்கள் தின்பது போலவே இருக்க வேண்டும். அதே தக்காளி, அதே வெங்காயம், அதே சீரகம், அதே காடி. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பாகூமுக்கு ஏழு வயது. இந்த ஆண்டுதான் முதல்முறையாக மாலைவரை நோன்பிருந்தான். மதியம் தேவாலயத்தில் மயக்கம் வருவதுபோல் சுவரில் சாய்ந்தவனிடம் ரிஃப்கா பிஸ்கட்டை நீட்டியபோது, "நான் பெரியவன்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்: "எனக்கும் காடி உண்டுல்ல? எல்லாரும் சாப்பிடறதுதானே எனக்கும்?" உண்டு என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஃபூல் மட்டும் கிடையாது.

சென்ற ஆண்டு ஈஸ்டருக்கு மறுநாள், ஊரே தோட்டந்தோட்டமாகப் போய் உட்காரும் வசந்த நாளில், பஹிய்யா அவனை மடியில் வைத்துக்கொண்டு பச்சை ஃபூலைக் காயோடு பிளந்து பிளந்து ஊட்டினாள். அடுத்த நாள் அவன் சுருண்டு படுத்தான். அதற்கடுத்த நாள் கண்ணின் வெள்ளை மஞ்சளானது. மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருத்தி கேட்ட முதல் கேள்வி, "மூத்திரம் என்ன நிறத்தில் போனது?" என்பது. "கர்கதே மாதிரி," என்றாள் ரிஃப்கா. செம்பருத்திப் பூவைக் கொதிக்கவிட்டு எடுத்த சாறு போல, கறுப்புக்குக் கொஞ்சம் குறைவான சிவப்பு. இரண்டாவது கேள்வி, "ஃபூல் தின்றானா?"

அவன் உடம்பில் வேற்று ஆள் ரத்தம் ஏறி அவன் எழுந்து உட்கார ஒரு வாரம் ஆயிற்று. அவன் ரத்தத்தில் ஏதோ ஒன்று பிறவியிலேயே குறைவு, ஃபூல் உள்ளே போனால் ரத்தம் உடைந்துபோகும், இனி ஆயுளுக்கும் ஒன்றுகூட வாயில் படக்கூடாது என்றாள் மருத்துவர். அலமாரியில் அந்துருண்டைகூட வைக்கக்கூடாதாம். வீட்டுக்கு வந்ததும் ரிஃப்கா செய்த முதல் வேலை, கம்பளித் துணிகளை உதறி அந்துருண்டைகளைப் பொறுக்கித் தெருவில் எறிந்தது. தாயிடமிருந்துதான் மகனுக்கு இது வருகிறது என்று மருத்துவர் சொன்னதை ரிஃப்காவின் கணவன் வக்தி, பஹிய்யாவின் தம்பி, வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்தான். அது ஒன்றைத்தான் பஹிய்யா நம்பினாள்.

"ஃபூலாவது, ரத்தம் உடையறதாவது. பீட்ரூட் தின்னிருப்பான், மூத்திரம் சிவந்திருக்கும். கண்ணுபட்டுக் காமாலை வந்திருக்கும்," என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லி வந்தாள். "எங்க வீட்டு ரத்தத்துல இப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. வந்தவ கொண்டு வந்தது."

ரிஃப்கா தக்காளியை நறுக்கத் தொடங்கினாள். கூடத்திலிருந்து வக்தியும் அவன் சித்தப்பா மகன் ஃபிக்ரியும் பேசும் குரல் கேட்டது. ஃபிக்ரி கல்யாணம் ஆகாதவன். ஆண்டுதோறும் பெரிய வெள்ளி மாலை இங்கேதான் வருவான். வாசல் தாண்டும்போதே ஏதாவது சொல்வான். இன்றும் அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, என்ன அது வெள்ளையா? வெளிநாட்டுத் தூதரகத்துக்குச் சமைக்கிறீங்களா?"

"பாகூமுக்கு."

"ஃபூல் ஆகாத எகிப்தியன்! தண்ணி ஆகாதுன்னு மீன் டாக்டர்கிட்ட போனாப்பல இருக்கு."

"நல்லாக் கேளுடா," என்றாள் பஹிய்யா.

"போன வருஷம் ஆஸ்பத்திரிக்கு வந்து அவன் கட்டில் பக்கத்துல நின்னு நீ அழுதியே ஃபிக்ரி," என்றாள் ரிஃப்கா, தலை நிமிராமல். "அப்ப இந்த ஜோக் ஞாபகம் வரலையா?"

ஃபிக்ரி கூடத்துக்குப் போய்விட்டான்.

வெள்ளரிக்காயைத் தோலோடு சின்னச் சின்னதாக நறுக்கினாள். வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து உப்பு தூவிக் காடியில் போட்டுப் பிசிறினாள். வறுத்த சீரகத்தை உள்ளங்கையில் நுணுக்கித் தூவினாள். பிறகு பார்ஸ்லி, கொத்தமல்லி, ஒரு பிடி சதகுப்பைத் தழை. தழையை மட்டும் தாராளமாகப் போட்டாள். பாகூமுக்கு அந்த வாசனை பிடிக்கும். எல்லாவற்றையும் வெந்த பீன்ஸோடு சேர்த்து, ஒரு எலுமிச்சையைப் பிழிந்து, கரண்டியால் இரண்டு புரட்டு புரட்டினாள். எண்ணெய் ஊற்றவில்லை. அந்த வீட்டில் அன்று யாரும் எண்ணெய் ஊற்ற மாட்டார்கள். ஒரு பீன்ஸை எடுத்துச் சுவைக்கவும் இல்லை. அவளும் நோன்பு.

"ரிஃப்கா, ஒரு நிமிஷம் வா," என்று படுக்கையறையிலிருந்து வக்தி கூப்பிட்டான்.

கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அவன் கதவைச் சாத்தினான். அவன் கதவைச் சாத்தினால் அக்காவைப் பற்றிப் பேசப்போகிறான் என்று பொருள்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுக்குடு," என்றான். "நாலு நாளா முளைகட்டி, உரிச்சு, அவ்வளவும் அவதான் செஞ்சிருக்கா. நீ கத்திய வெடுக்குன்னு புடுங்கினியாமே."

"புடுங்கலை. வாங்கிக் கழுவினேன்."

"அவளுக்கு அது செருப்பால அடிச்ச மாதிரி. அம்மா போன அப்புறம் என்னை வளர்த்தவ அவ. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். வாரம் ஒரு தடவை சொல்ற."

"கத்தியில என்ன ஒட்டிக்கிட்டிருக்கப் போவுது?"

"வக்தி, போன வருஷம் அவனுக்கு ரத்தம் ஏத்துறப்ப நீ எங்க இருந்த? வராந்தாவுல உக்காந்து ஜெபமாலை உருட்டிக்கிட்டு இருந்த. ஊசி குத்தின ஒவ்வொரு தடவையும் அவன் கையப் புடிச்சிருந்தவ நான். கத்தியில என்ன ஒட்டும்னு எங்கிட்டக் கேக்காத."

"சரி, சரி. சத்தம் போடாத. பெரிய வெள்ளி."

"உங்கக்காகிட்டயும் அதையே சொல்லு."

"சொல்றேன், சொல்றேன்," என்றான். சொல்ல மாட்டான் என்று இருவருக்கும் தெரியும். அவள் வெளியே வந்தபோது அடுக்களையில் யாரும் இல்லை. இரண்டு கிண்ணங்களும் ஏற்கெனவே கூடத்து மேசைக்குப் போயிருந்தன. பஹிய்யாவே கொண்டுபோய் வைத்திருந்தாள்.

மேசைக்கு மேலே சுவரில், மூலையில் கறுப்பு நாடா குத்திய ஒரு பழைய படம். அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையன், படம் பிடிப்பவரைப் பார்த்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். லபீப். பஹிய்யாவுக்கும் வக்திக்கும் நடுவில் பிறந்தவன். வக்தி பிறக்கும் முன்பே இறந்துபோனான். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி அவனைப் பார்த்து "என்ன அழகுடா" என்றாளாம். அடுத்த நாள் மேலெல்லாம் மஞ்சளாகி, மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. அந்தக் கண்ணேற்றுக் கதையை வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் பஹிய்யா சொல்வாள். ஆண்டுதோறும் அவனுக்கு நினைவுத் திருப்பலி வைப்பாள். அன்று கொடுப்பதற்கு ரொட்டி சுமந்துகொண்டு ரிஃப்காவும் கூடவே போவாள்.

படத்தின் கீழே பாகூம் தலையை நேராக வாரிக்கொண்டு, இரு கையையும் மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். அவன் எதிரில் அலுமினியப் பாத்திரம் இல்லை. அவனுடைய பீன்ஸ் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்துக்கு மாறியிருந்தது. பெரிய கிண்ணத்தின் ஜோடி அது, விசேஷங்களுக்கு மட்டும் வெளியே வருவது.

ரிஃப்கா அதைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டாள். அக்காவா மாற்றி வைத்தாள்? பிள்ளைக்கு மட்டும் அலுமினியம் என்று இருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கிறதே. சற்று முன் தான் பேசியது கொஞ்சம் அதிகமோ என்றுகூட நினைத்தாள்.

எழுந்து நின்று ஜெபித்தார்கள். பஹிய்யா சின்னக் கோப்பையில் காடியை ஊற்றி ஒவ்வொருவர் வாயிலும் ஒரு கரண்டி விட்டாள். ஃபிக்ரி முகத்தைச் சுளித்தான். பாகூம் சுளிக்கவில்லை. கண்ணில் நீர் வந்தும் விழுங்கிவிட்டு எல்லோரையும் பெருமையாகப் பார்த்தான்.

"என் ராஜா," என்றாள் பஹிய்யா. "இன்னிக்கு முழு நோன்பு இருந்திருக்கான். முதல் வாய் அவனுக்குத்தான். அத்தை கையால."

அந்தச் சின்னக் கிண்ணத்தில் கைவிட்டு, ரொட்டித் துண்டில் ஒரு வாய் அள்ளி, அவன் வாயில் வைத்தாள். அவன் வாய் நிறைய வாங்கினான்.

ரிஃப்கா புன்னகைத்தபடியே கிண்ணத்தைப் பார்த்தாள். தழைக்கும் தக்காளிக்கும் நடுவில், அத்தையின் விரல் பட்டுப் புரண்ட இடத்தில், மோர் நிறத்தில் ஒன்று மல்லாந்து கிடந்தது. அதற்கு வால் இருந்தது.

வெள்ளை பீன்ஸ் முளை விட்டிருக்கவில்லை.

நாற்காலி பின்னால் விழுந்தது அவளுக்குக் கேட்கவில்லை. பாகூமின் தாடையை ஒரு கையால் பிடித்து மறு கையின் விரலை அவன் வாய்க்குள் விட்டாள்.

"துப்பு! துப்புடா! முழுங்காத! துப்பு!"

ரொட்டியும் தழையும் கூழாக அவள் உள்ளங்கையில் விழுந்தன. அதை மேசை விரிப்பின்மேல் கொட்டி விரலால் பிரித்தாள். ஒரு வெள்ளை பீன்ஸ். இன்னொன்று. நசுங்கிய தக்காளி. பிறகு பாதி ஃபூல், பல் படாமல் முழுசாக. அதன் மறுபாதி இல்லை. அவன் வாயை மறுபடி பிளந்து நாக்கின் அடியில் தேடினாள். கன்னத்தின் ஓரத்தில் அது இருந்தது. எடுத்து முதல் பாதியின் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் பொருந்தின.

"முழுங்கினியா? எதாவது முழுங்கினியா?"

"காடி மட்டும்," என்று பாகூம் விம்மினான். "என்னம்மா... நான் நோன்பு முடிச்சேனே, எதுக்கு எடுத்தே..." வலியைவிட அவமானம்தான் அவனை அழவைத்தது. அத்தனை பேர் நடுவில் வாயைப் பிளந்து எடுத்தாயிற்று.

"ரிஃப்கா!" வக்தி எழுந்துவிட்டான். "பைத்தியமா உனக்கு? இன்னிக்கு என்ன நாள்! வாயில வெச்சதப் புடுங்கறியே!"

"வந்து பாரு. இங்க வந்து பாரு, இது என்ன?"

அவன் குனிந்து பார்த்தான். ஃபிக்ரியும் எட்டிப் பார்த்தான். சின்னக் கிண்ணத்தை ரிஃப்கா விரிப்பின்மேல் அப்படியே கவிழ்த்தாள். கரண்டியால் பரப்பினாள். வெள்ளை பீன்ஸுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாதிப் பாதியாக ஃபூல், வாலோடும் வால் இல்லாமலும். தழைக்குள் மறைந்து, காடியில் ஒரே நிறமாகி, தேடினால் ஒழியத் தெரியாது.

"தவறி விழுந்திருக்கும்," என்றான் வக்தி.

"இத்தனையுமா?"

"தவறி விழல. நான்தான் போட்டேன்," என்றாள் பஹிய்யா. அவள் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. "ஒரு பிடி. ஜெபம் பண்ணித்தான் போட்டேன்."

ரிஃப்கா கரண்டியை ஓசையோடு கீழே வைத்தாள்.

"எதுக்கு?" என்றாள் ரிஃப்கா.

"எதுக்கா? எங்க வீட்டுப் புள்ள பெரிய வெள்ளியன்னிக்கு எல்லாரும் சாப்பிடறதச் சாப்பிடாம தனிக் கிண்ணத்துல தின்னணுமா? குஷ்டரோகியா அவன்? நாளைக்கு எழுந்து ஓடி விளையாடுவான். ஞாயித்துக்கிழமை உன்னைக் கூப்பிட்டு உக்காரவெச்சுச் சொல்லலாம்னு இருந்தேன். பாருடி, தின்னான், ஒண்ணும் ஆகலன்னு. ஒரு வருஷமா இந்த வீட்டை நீ ஆட்டிவெக்கிற ஆட்டம் அன்னியோட முடியும்னு இருந்தேன்."

"ஆகியிருந்தா?"

"ஆகாது."

"ஆகியிருந்தான்னு கேக்குறேன்! சின்னக் கிண்ணம் எடுத்து, மேல தழையப் பரப்பி, உங்க கையாலயே ஊட்டினீங்களே, நானும் சிரிச்சுக்கிட்டே பார்த்தேனே, ஆகியிருந்தா?"

"ஆகாதுங்கறேன்! நம்ம வீட்டுல ஃபூல் தின்னு யாருக்கும் எதுவும் ஆனதில்ல. எங்க அப்பா தின்னார், தாத்தா தின்னார், வக்தி தின்னான். எங்க ரத்தத்துல அது கிடையாது!"

அவள் கையை உயர்த்திச் சுவர்ப்பக்கம் வீசியபடி சொன்னாள், அங்கே தொங்கும் எல்லாப் படங்களையும் சாட்சிக்கு அழைப்பதுபோல. ரிஃப்காவின் கண் அந்தக் கை போன பக்கம் போயிற்று. அப்பா. தாத்தா. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் லபீப்.

அடுத்த நாள் மேலெல்லாம் மஞ்சள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. எத்தனை தடவை கேட்ட கதை. எத்தனை ஆண்டு அந்த ரொட்டியைச் சுமந்திருக்கிறாள். அந்தத் திருப்பலி எப்போதும் ஈஸ்டருக்கு அடுத்த வாரம்தான். பச்சை ஃபூல் வண்டி வண்டியாகத் தெருவில் வரும் வாரம்.

அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த அவள் விரும்பவில்லை.

"லபீப் இறந்தது எந்த மாசம் அக்கா?"

பஹிய்யாவின் கை கீழே இறங்கியது. "அவன் பேச்ச எதுக்கு இழுக்கிற?"

"வசந்த நாள் கழிச்சுத்தானே? தோட்டத்துக்குப் போயிட்டு வந்தீங்கல்ல? அங்க என்ன தின்னான்?"

"அவனுக்குக் கண்ணுபட்டுது."

"கண்ணு மஞ்சளாச்சு, மேலு மஞ்சளாச்சு, எல்லாம் சொல்லியிருக்கீங்க. ஒண்ணு மட்டும் சொன்னதில்ல. மூத்திரம் என்ன நிறத்துல போச்சு?"

"ரிஃப்கா, போதும்," என்றான் வக்தி. குரலில் முன்போல வேகம் இல்லை. அவனும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன நிறம் அக்கா? ஒரே ஒரு கேள்வி. டாக்டர் எங்கிட்டக் கேட்டது. நான் சொன்னேன். நீங்க சொல்லுங்க."

பஹிய்யா வாயைத் திறந்தாள். மேசை விரிப்பில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த அந்த இரண்டு பாதிகளைப் பார்த்தாள். பிறகு மெல்ல எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டே நடந்து, அடுக்களைக்குள் போனாள்.

ஃபிக்ரி குனிந்து விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தினான்.

"நீ என்னை உள்ள கூப்பிட்டுக் கதவ சாத்தினியே," என்றாள் ரிஃப்கா கணவனிடம். "அப்பத்தான் போட்டிருக்கா."

"எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாது. உனக்கு எப்பத்தான் என்ன தெரிஞ்சுது? கத்தியில என்ன ஒட்டும்னு கேட்டியே, இந்தா, இதான் ஒட்டும்." அந்த இரண்டு பாதிகளையும் பொறுக்கி அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "வெச்சுக்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவன் ஒண்ணுக்குப் போற ஒவ்வொரு தடவையும் நீதான் கூடப் போற. விளக்கப் போட்டுப் பாக்கற. கொஞ்சம் சிவந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. இந்தத் தடவை வராந்தாவுல உக்கார முடியாது."

வக்தி தலையாட்டினான். மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். மூடிய கையைத் திறக்கவில்லை.

ரிஃப்கா விரிப்பின் நான்கு முனைகளையும் சேர்த்து, கிண்ணத்தோடும் சாலட்டோடும் சேர்த்துச் சுருட்டினாள். பஹிய்யாவின் அம்மாவுக்குச் சீராக வந்த பீங்கான் அது. அப்படியே குப்பைக் கூடையில் போட்டாள். உள்ளே அது உடையும் ஓசை கேட்டது.

"அம்மா, எனக்குப் பசிக்குது," என்றான் பாகூம்.

"இதோ வரேன்."

அடுக்களையில் பஹிய்யா குழாயடியில் நின்றிருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. ரிஃப்கா அவளைத் தாண்டிக் குளிர்பெட்டியைத் திறந்து, காலையில் எடுத்து வைத்த மீதி பீன்ஸை எடுத்தாள். மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை. வால் எதற்கும் இல்லை. காடியில் போட்ட வெங்காயம் கொஞ்சம் மீதி இருந்தது. அதை நம்பாமல் கொட்டிவிட்டுப் புதிதாக ஒன்றை உரித்தாள். பலகையைத் திருப்பிப் போட்டாள். கத்தியைத் தேடினாள்.

அது பஹிய்யாவின் கையில் இருந்தது. சோப்பு நுரைக்குள் அதைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கர்கதே மாதிரி," என்றாள் பஹிய்யா, திரும்பாமல்.

ரிஃப்கா கை நீட்டிக் குழாயை மூடினாள்.

"வாளியில கர்கதேயக் கொட்டின மாதிரி. அம்மா பார்த்துட்டுக் கத்தினாங்க. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு இருக்கும். அவனுக்கு உரிக்கத் தெரியாது. நான்தான் தோட்டத்துல உக்காரவெச்சு ஒவ்வொண்ணா..." தோள் மட்டும் அசைந்தது. "எதிர்வீட்டுக்காரிதான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன். சாகுற வரைக்கும் அந்தப் பொம்பள எங்ககிட்டப் பேசவே இல்ல."

வேறு ஒரு நாளாக இருந்தால் ரிஃப்கா அந்தத் தோளைத் தொட்டிருப்பாள். இப்போது தொட்டால் தன் கை அடிக்கத்தான் போகும் என்று அவளுக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வயதில் அறியாமல் செய்தது வேறு. இன்று அறிந்து, தழையைப் பரப்பி மூடிச் செய்தது வேறு.

பஹிய்யா கத்தியைத் துணியில் துடைத்தாள். திரும்பி, பிடி ரிஃப்காவின் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"தக்காளிய நான் நறுக்கட்டுமா?"

"வேணாம். நீங்க கூடத்துல போய் உக்காருங்க. அவன் எதிர்ல உக்காருங்க. அவன் இதைச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பாருங்க."

பஹிய்யா தலையை ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள், இன்னும் ஏதாவது சொல்வாளா என்று.

ரிஃப்கா கத்தியை வாங்கினாள். குழாயைத் திறந்து, சோப்பை எடுத்து, அவள் கண் முன்னாலேயே அதை இன்னொரு முறை கழுவினாள்.